குடும்ப மருத்துவர் எழுதிய கடிதம்

அல்சைமர் என்ற சொல்லை இன்று கேள்விப்படாதவர்கள் குறைவு. வீட்டில் முதியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினால் கூட, பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவர் ஐம்பத்தோரு வயதிலேயே இறந்துபோன ஒரு ஜெர்மானிய மருத்துவர் என்பதும் பலருக்கும் தெரியாது. மருத்துவக் கல்லூரியில் படித்த நாள்களில் எனக்கும் அவர் இரண்டு மதிப்பெண் கேள்விக்கான விடையாக மட்டுமே இருந்தார். அவருடைய வாழ்க்கையை நான் தேடிப் படித்தது மிகவும் பிற்காலத்தில். அதற்குக் காரணம் என்னுடைய தவறு ஒன்று.

சிறு நகரம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவரை அவருடைய மனைவி என்னிடம் அழைத்து வந்தார். நாற்பது ஆண்டுகளாக ஒரு நாள் தவறாமல் வரவு செலவுக் கணக்கு எழுதியவர், சில மாதங்களாக அந்த நோட்டைத் தொடுவதே இல்லை என்றார் அந்த அம்மா. பால்காரர் பணத்தில் ஏமாற்றுகிறார் என்று தினமும் சண்டை போடுகிறார் என்றும் சொன்னார். நான் ரத்த அழுத்தம் பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன். ஐந்து நிமிடம் பேசிப் பார்த்தேன். தன் அலுவலகத்தில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த தணிக்கை ஒன்றைப் பற்றி அவர் அவ்வளவு துல்லியமாகச் சொன்னார். இவருக்கா மறதி என்று எனக்குள் நினைத்துக்கொண்டு, வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் பேருந்து ஏறி எங்கோ போய், இரண்டு நாள்களுக்குப் பிறகு வேறு ஊரில் கண்டெடுக்கப்பட்டார். அதற்குள் வைப்புத்தொகை முழுவதும் யார் யாருக்கோ கைமாறியிருந்தது. நரம்பியல் நிபுணரிடம் அவர் சென்றபோது நோய் நடுக்கட்டத்தைத் தாண்டியிருந்தது. அந்த அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னதாகவே கூட்டி வந்திருக்க வேண்டுமோ என்று மட்டும் கேட்டார். அவர் முன்னதாகத்தான் கூட்டி வந்திருந்தார். அதை அவரிடம் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் அலோய்ஸ் அல்சைமரின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன்.

அவர் பிறந்தது 1864-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று, பவேரியாவில் மைன் ஆற்றங்கரையில் உள்ள மார்க்ட்பிரைட் என்ற சிற்றூரில். தந்தை பத்திரங்களைச் சான்றளிக்கும் அரசு நோட்டரி. பிள்ளைகளின் பள்ளிப் படிப்புக்காகக் குடும்பம் அஷாஃபென்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெர்லின், வூர்ட்ஸ்பர்க், டியூபிங்கன் ஆகிய இடங்களில் அவர் மருத்துவம் படித்தார். 1887-இல் அவர் பெற்ற முனைவர் பட்டத்துக்கான ஆய்வு மூளையைப் பற்றியது அல்ல. காதில் குரும்பி சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது. நுண்ணோக்கியின் மீதான காதல் அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். மாணவப் பருவத்தில் வாள்சண்டைச் சங்கம் ஒன்றில் இருந்தார். அதில் முகத்தில் பட்ட வெட்டுத் தழும்பு கடைசி வரை இருந்தது. நமக்குக் கிடைக்கும் படங்களில் பருத்த உடலும் மூக்கிலே மாட்டிய கண்ணாடியுமாக, சற்றே நகைச்சுவை உணர்வுள்ள மாமாவைப் போல இருக்கிறார்.

1888-ஆம் ஆண்டின் இறுதியில் ஃபிராங்ஃபர்ட் நகரின் மனநோயாளர், வலிப்பு நோயாளர் காப்பகத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். எமில் ஸியோலி என்பவர் அதன் இயக்குநர். நோயாளிகளைக் கட்டிப்போடுவதும் அறையில் பூட்டிவைப்பதும் வழக்கமாக இருந்த காலத்தில், இயன்றவரை கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, வெந்நீர்க் குளியலாலும் பேச்சாலும் அவர்களை அமைதிப்படுத்த முயன்ற இடம் அது. சில மாதங்களில் ஃபிரான்ஸ் நிஸ்ல் வந்து சேர்ந்தார். நரம்பு அணுக்களைச் சாயமேற்றிப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். இன்றும் அந்தச் சாயத்துக்கு அவர் பெயர்தான். பகல் முழுவதும் நோயாளிகளோடும், இரவில் நுண்ணோக்கியோடும் இருவரும் கழித்த ஆண்டுகள் அவை. உயிரோடு இருக்கும்போது நோயாளி எப்படி நடந்துகொண்டார் என்பதையும், இறந்த பிறகு அவருடைய மூளை எப்படி இருக்கிறது என்பதையும் ஒரே மருத்துவர் இணைத்துப் பார்ப்பது அன்று அரிது. மனநோய்க்கும் மூளைக்கும் உள்ள உறவே அப்போது விவாதப் பொருளாகத்தான் இருந்தது.

1894-இல் செசிலியே என்ற செல்வந்தக் கைம்பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. 1901 பிப்ரவரியில் செசிலியே இறந்துபோனார். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயது கூட ஆகவில்லை என்று கணக்குப் போட்டால் தெரிகிறது. திருமணமாகாத தங்கை எலிசபெத் வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். முப்பத்தாறு வயதில் மனைவியை இழந்த அவர் வேலையில் தன்னைப் புதைத்துக்கொண்டார். அந்த ஆண்டின் இறுதியில்தான் அவர் வாழ்க்கையைத் தீர்மானித்த நோயாளி அவரிடம் வந்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் அகுஸ்டே. ஐம்பத்தோரு வயது. கணவர் கார்ல் ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். ஒரே மகள். நல்ல குடும்பம், குடிப்பழக்கமோ பெரிய நோயோ எதுவும் இல்லை. 1901-ஆம் ஆண்டின் முற்பகுதியில் முதலில் வந்தது மறதி அல்ல, சந்தேகம். அண்டை வீட்டுப் பெண்ணோடு கணவருக்குத் தொடர்பு இருக்கிறது என்று அவர் திடீரென்று நம்பத் தொடங்கினார். பிறகுதான் மறதி கண்ணில் பட்டது. சமையலில் தவறுகள் நேர்ந்தன. வீட்டு வேலைகள் பாதியில் நின்றன. பொருள்களை எடுத்து ஒளித்துவைத்தார். காரணமில்லாமல் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்துபோகும் வண்டிக்காரர் தனக்குத் தீங்கு செய்யப்போகிறார் என்று அஞ்சினார்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் தலைமை எழுத்தரும் முதலில் மறக்கவில்லை, பால்காரரைத்தான் சந்தேகப்பட்டார்.

அகுஸ்டே நேராக அல்சைமரிடம் வரவில்லை. கார்ல் முதலில் போனது தங்கள் குடும்ப மருத்துவரிடம். அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் குறிப்பு காப்பகத்தின் கோப்பில் இருக்கிறது. நீண்ட காலமாக நினைவு தளர்ந்துவருகிறது, யாரோ தன்னைத் துன்புறுத்துவதாக எண்ணுகிறார், உறக்கமில்லை, அமைதியின்மை இருக்கிறது, உடலாலோ மூளையாலோ எந்த வேலையும் செய்ய இயலவில்லை என்பது அதன் சாரம். நாள்பட்ட மூளை வாதம் என்று நோய்க்கு ஒரு பெயரையும் அவர் சூட்டியிருந்தார். இந்த ஊர் மனநலக் காப்பகத்தில் சிகிச்சை தேவை என்று முடித்திருந்தார்.

அவர் சூட்டிய பெயர் தவறு. இன்றைய மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் இல்லை. ஆனால் அந்தக் குறிப்பு சரியானது. நினைவு, நடத்தை, உறக்கம், அன்றாட வேலை செய்யும் திறன் ஆகிய நான்கையும் அவர் கவனித்திருக்கிறார். இது தொடங்கி எத்தனை காலமாயிற்று என்று கேட்டிருக்கிறார். கணவர் சொன்னதை நம்பியிருக்கிறார். தன்னால் தீர்க்க முடியாதது இது என்று உணர்ந்து, யாரிடம் அனுப்ப வேண்டுமோ அவரிடம் அனுப்பியிருக்கிறார். பொது மருத்துவர் ஒருவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு அல்ல. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, எவ்வளவோ கருவிகள் கைவசம் இருந்தும், அந்த மருத்துவர் செய்ததை நான் செய்யவில்லை.

1901 நவம்பர் 25 அன்று அகுஸ்டே காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். மறுநாள் அல்சைமர் அவரோடு பேசத் தொடங்கினார். கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதிவைத்தார். அந்தப் பதிவுகளை நான் இங்கே எடுத்துக்காட்டப் போவதில்லை, சுருங்கச் சொல்கிறேன். கணவர் பெயரைக் கேட்டால், அந்தப் பெண் தன் பெயரையே சொன்னார். மதிய உணவில் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டே, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னால், திருமதி என்பதற்கான எழுத்தைத் தொடங்கிவிட்டு மீதியை மறந்துபோனார். தன்னையே தொலைத்துவிட்டதாக அவர் சொன்னதையும் அல்சைமர் குறித்திருக்கிறார்.

ஒரு சோதனையை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பென்சில், பேனா, பணப்பை, சாவி, நாட்குறிப்பு, சுருட்டு என்று சில பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன என்று அல்சைமர் கேட்டார். எல்லாவற்றுக்கும் அகுஸ்டே சரியாகப் பெயர் சொன்னார். சற்று நேரம் கழித்து, என்னென்ன காட்டினேன் என்று கேட்டபோது ஒன்றும் நினைவில் இல்லை.

இன்று உலகெங்கும் பொது மருத்துவர்கள் பயன்படுத்தும் மூன்று நிமிடச் சோதனையின் அடிப்படை இதுவேதான். மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைப்பது, நடுவே ஒரு கடிகார முகம் வரையச் சொல்வது, பிறகு அந்த மூன்று சொற்களையும் கேட்பது. பழைய நினைவு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது சோதனையே அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தணிக்கையை என் நோயாளி விவரித்ததும் நான் நிம்மதி அடைந்தேனே, அங்கேதான் சறுக்கினேன். இந்த நோய் பழைய நினைவைக் கடைசியில்தான் தொடும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், என் அறைக்கு யாரோடு வந்தீர்கள் என்று கேட்டிருந்தால் போதும்.

கடிகாரம் வரைவதும் எழுதுவதும் பள்ளிக்குப் போகாதவர்களுக்குப் பொருந்தாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கும் மூதாட்டியிடம் பென்சிலைக் கொடுத்து மதிப்பெண் போடுவது அநியாயம். அவர்களுக்கு அல்சைமரின் சாவியும் பணப்பையும்தான் நல்ல சோதனை. அதைவிட நல்ல சோதனை, உடன் வந்திருக்கும் மகளிடமோ மருமகளிடமோ ஐந்து நிமிடம் பேசுவது. குழம்பில் உப்பு இரண்டு முறை விழுகிறதா, சீட்டுப் பணம் கட்டியதை மறுபடி கட்டப் போகிறாரா, தெரிந்த தெருவில் திசை தடுமாறுகிறாரா, முன்பு இல்லாத சந்தேகமோ கோபமோ வந்திருக்கிறதா? நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு இதைக் கேட்க வேண்டும். அவர் முன்னிலையில் மருமகள் வாயைத் திறக்கமாட்டார். கார்ல் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் அகுஸ்டேயின் பெயரை உலகம் அறிந்திருக்காது.

அல்சைமர் ஃபிராங்ஃபர்ட்டில் தங்கவில்லை. எமில் க்ரேபெலினின் அழைப்பை ஏற்று, முதலில் ஹைடல்பெர்குக்கும், 1903-இல் மியூனிக்குக்கும் சென்றார. அங்கே ஆய்வுக்கூடத்தை நடத்திய ஆண்டுகளில் பெரும்பகுதி அவருக்கு ஊதியம் கிடையாது. மனைவி விட்டுச்சென்ற செல்வத்தில்தான் காலம் கழிந்தது. பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் அவரிடம் கற்க வந்தார்கள். ஒவ்வொரு மாணவரின் நுண்ணோக்கி அருகிலும் உட்கார்ந்து விளக்குவாராம். பேச்சு சுவாரசியத்தில் கையிலிருந்த சுருட்டை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவாராம். மாலையில் பார்த்தால் மேசைக்கொரு சுருட்டுத் துண்டு இருக்கும் என்று ஒரு கதை உண்டு.

ஊர் மாறினாலும் அவர் அகுஸ்டேயை விட்டுவிடவில்லை. அந்தப் பெண்ணின் நிலையைத் தொடர்ந்து கேட்டறிந்துகொண்டே இருந்தார். ஒரு நோயாளியை மேல் மருத்துவரிடம் அனுப்பியதோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கும் எங்களைப் போன்றோருக்கு இந்த இடம் உறுத்தும். அனுப்பியவர் போனாரா, என்ன சொன்னார்கள், மருந்தைத் தொடர்கிறாரா என்று எத்தனை பேரைத் தொடர்ந்து விசாரித்திருக்கிறேன்?

1906 ஏப்ரல் 8 அன்று அகுஸ்டே இறந்தார். கடைசிக் காலத்தில் படுக்கையில் சுருண்டு கிடந்தார். படுக்கைப் புண்ணிலிருந்து பரவிய நச்சு உயிரைப் பறித்தது. செய்தி மியூனிக்குக்குப் போனது. கோப்பும் மூளையும் அல்சைமருக்கு அனுப்பிவைக்கப்பட்டன. அன்று புதிதாக வந்திருந்த வெள்ளிச் சாயமேற்றும் முறையில் மூளைத் திசுவின் மெல்லிய சீவல்களை அவர் பார்த்தார். மூளையின் மேலுறை சுருங்கியிருந்தது. நரம்பு அணுக்களுக்குள் நூல் சிக்கல் போன்ற முடிச்சுகள் தெரிந்தன. அணுக்களுக்கு வெளியே எங்கும் சிறு சிறு படிவுகள் சிதறிக் கிடந்தன. இவ்விரண்டும்தான் இன்றும் இந்நோயின் அடையாளங்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 3 அன்று டியூபிங்கனில் கூடிய தென்மேற்கு ஜெர்மனி மனநல மருத்துவர்கள் மாநாட்டில் அவர் இதை எடுத்துரைத்தார். பேசி முடித்ததும் கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள். நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவச் சொற்பொழிவுகளில் ஒன்று இப்படித்தான் கழிந்தது. மறு ஆண்டு சிறு கட்டுரையாக அது வெளிவந்தது.

1910-இல் க்ரேபெலின் தன் பாடநூலின் எட்டாம் பதிப்பில் இதை அல்சைமர் நோய் என்று குறிப்பிட்டார். பெயர் நிலைத்தது, கூடவே ஒரு சிக்கலும் நிலைத்தது. ஐம்பது வயதையொட்டி வரும் அரிய நோய் இது, முதுமையில் வரும் நினைவிழப்பு வேறு என்று ஒரு கோடு விழுந்துவிட்டது. தன் நோயாளிக்கு இருந்தது உண்மையிலேயே தனி நோய்தானா என்பதில் அல்சைமருக்கே தயக்கம் இருந்தது. 1911-இல் அவர் எழுதிய கட்டுரையில் அதைப் பார்க்கலாம். பிராகா நகரில் ஆஸ்கர் ஃபிஷர் என்பவர் 1907-லேயே, முதுமையில் நினைவிழந்து இறந்த 16 பேரின் மூளைகளை ஆராய்ந்து, 12 பேரிடம் அதே படிவுகளைக் கண்டு வெளியிட்டிருந்தார். யூதரான அவர் 1942-இல் நாஜிகளின் சிறையில் இறந்தார். அவர் பெயரை எந்த நோயாளியின் குடும்பமும் அறியாது.

அந்தக் கோடு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நீடித்தது. 1960-களின் இறுதியில் இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள், நினைவிழந்து இறந்த முதியோரின் மூளைகளில் அதே படிவுகளும் முடிச்சுகளும் இருப்பதைக் காட்டினார்கள். 1976-இல் ராபர்ட் காட்ஸ்மேன் என்ற அமெரிக்க நரம்பியலாளர், இரண்டும் ஒன்றே என்றும், இது அரிய நோய் அல்ல, பெருந்தொகையான மக்களைக் கொல்லும் நோய் என்றும் தலையங்கம் எழுதினார். அதுவரை எழுபது வயதுக்காரர் பாதை மறந்தால், உலகெங்கும் மருத்துவர்கள் சொன்னது வயதாகிவிட்டது என்பதுதான். அறிவியல் அந்த வாக்கியத்தைக் கைவிட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. சிகிச்சை அறைகள் இன்னும் கைவிடவில்லை. நானே சொல்லியிருக்கிறேனே.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனப்படும் அறிவாற்றல் இழப்பு இருக்கலாம் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது நிபுணரை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்களும், தெருமுனைச் சிகிச்சையகத்தில் மூட்டுவலிக்கு வருபவர்களும்தான் அவர்கள். மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லை என்று நாம் கடிந்துகொள்ளும் முதியவரிடம், ஏன் சாப்பிடவில்லை என்று ஒருமுறை கேட்டால் போதும். சாப்பிட்டோமா என்பதே அவருக்கு நினைவில்லாமல் இருக்கலாம்.

கண்டுபிடித்து என்ன பயன், குணப்படுத்த மருந்து இல்லையே என்று சக மருத்துவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். முதல் பதில், மறதி எல்லாமே இந்த நோய் அல்ல. தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மூளை உறைக்குக் கீழே தேங்கிய ரத்தம், தூக்க மாத்திரை, ஒவ்வாமைக்கும் சிறுநீர் அவசரத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள், சரியாகக் காது கேளாமை எனப் பலவும் அதே வேடத்தில் வரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். சில ரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் ஒரு ஸ்கேன், நோயாளி சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது ஆகியவை பொது மருத்துவரின் கையிலேயே இருக்கின்றன. நான் அன்று எழுதிக் கொடுத்த சத்து மாத்திரை, எந்தக் குறைபாட்டையும் அளந்து பார்க்காமல் எழுதியது.

இரண்டாவது பதில் பணமும் பாதுகாப்பும் பற்றியது. நோயின் தொடக்கத்தில் மனிதருக்குத் தன் விருப்பத்தைச் சொல்லும் தெளிவு இருக்கிறது. வங்கிக் கணக்கில் துணைவரைச் சேர்ப்பது, உயில், வண்டி ஓட்டுவதை நிறுத்துவது, யாரோடு வாழ விரும்புகிறார் என்பது எல்லாம் அப்போதுதான் பேச முடியும். பிறகு அவருக்காக மற்றவர்கள் முடிவு செய்வார்கள். என் நோயாளியின் வைப்புத்தொகை கரைந்தது இந்த இடைவெளியில்தான். இன்று அமெரிக்கா முதலிய நாடுகளில் அனுமதி பெற்றிருக்கும் புதிய மருந்துகளும் தொடக்க நிலையினருக்கு மட்டுமே தரப்படுகின்றன. அவற்றின் பலன் குறைவு, விலையும் பக்க விளைவும் அதிகம் என்பதால் அவற்றை நான் பெரிதாகக் கொண்டாடமாட்டேன்.

அதற்காக அறுபது வயதான அனைவரையும் வரிசையில் நிற்கவைத்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அறிகுறியே இல்லாதவர்களைச் சோதிப்பதால் நன்மை உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை. வீண் அச்சம்தான் மிஞ்சும். வீட்டார் ஒரு மாற்றத்தைச் சொன்னால் அதைத் தட்டிக்கழிக்காமல் இருப்பதுதான் கேட்கப்படுவது. யாரை உடனே அனுப்ப வேண்டும் என்பதிலும் பெரிய குழப்பம் இல்லை. அகுஸ்டேயைப் போல அறுபத்தைந்து வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள், சில வாரங்களிலோ மாதங்களிலோ வேகமாகச் சரிபவர்கள், நடை தடுமாறிச் சிறுநீர்க் கட்டுப்பாடும் இழப்பவர்கள், இல்லாத உருவங்களைக் காண்பவர்கள் ஆகியோரைக் காத்திருக்கவைக்கக் கூடாது. நரம்பியல் நிபுணரா மனநல மருத்துவரா என்று தயங்கிக் காலம் கடத்தவும் வேண்டாம். அருகில் யார் இருக்கிறாரோ அவரிடம் அனுப்பலாம். மனநல மருத்துவர் என்றதும் குடும்பம் முகம் சுளிக்கும். பைத்தியம் என்று சொல்கிறீர்களா என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அப்போது நான் அல்சைமரே ஒரு மனநல மருத்துவர்தான் என்று சொல்வதுண்டு. பெயர் சில நேரம் உதவுகிறது.

அவர் கதையின் மிச்சம் சுருக்கமானது. 1912-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். இன்று போலந்தில் வ்ராட்ஸ்வாஃப் என்று அழைக்கப்படும் நகரம் அது. பணியேற்கச் செல்லும் ரயில் பயணத்திலேயே நோயுற்றார். தொற்று இதயத்தைப் பாதித்தது; முழுமையாக அவர் தேறவே இல்லை. போர் நடந்துகொண்டிருந்த 1915-ஆம் ஆண்டு டிசம்பர் 19 அன்று இறந்தார். ஃபிராங்ஃபர்ட்டில் மனைவியின் பக்கத்தில் புதைத்தார்கள். தன் பெயர் ஒரு நாள் வீட்டுக்கு வீடு ஒலிக்கும் என்று அவர் நினைத்திருக்க வழியே இல்லை.

அகுஸ்டேயின் கோப்பு காணாமல் போயிருந்தது. 1995-இல் ஃபிராங்ஃபர்ட் பல்கலைக்கழக மனநல மருத்துவர் கோன்ராட் மௌரரும் அவருடைய குழுவினரும் ஆவணக் காப்பறையில் அதைக் கண்டெடுத்தார்கள். அல்சைமரின் கையெழுத்துப் பதிவுகளும், நோயாளியின் படமும், அந்தப் பெண் எழுத முயன்று பாதியில் நின்ற தாளும் அதில் இருந்தன. குடும்ப மருத்துவரின் குறிப்பும் இருந்தது. காப்பகம் இருந்த நிலத்தில் இன்று பல்கலைக்கழக வளாகம் நிற்கிறது.

என் மேசை இழுப்பறையில் இப்போது ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. சாவி, சீப்பு, ஐந்து ரூபாய் நாணயம், பேனா, கரண்டி, தீப்பெட்டி. சென்ற மாதம் ஒரு பெண்மணி தன் கணவரை முழங்கால் வலிக்காக அழைத்து வந்தார். எழும்போது தயங்கித் தயங்கி, இப்போதெல்லாம் இவர் கடைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பிவருகிறார் என்றார். வெளியே பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் அவரை மறுபடி உட்காரச் சொன்னேன். ஆறு பொருளுக்கும் அவர் சரியாகப் பெயர் சொன்னார். துண்டால் மூடிவைத்துவிட்டு முழங்காலைப் பார்த்தேன். பிறகு கேட்டபோது சாவியும் சீப்பும் மட்டும் நினைவில் இருந்தன. மனைவியிடம் தனியே பேசினேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினேன். முடிவுகள் வந்ததும், எப்போது தொடங்கியது, என்னென்ன மாறியிருக்கிறது, என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதி மாவட்டத் தலைநகருக்கு அனுப்பிவைத்தேன். நோயின் பெயரை எழுதவில்லை. நிபுணர் கொடுத்திருக்கும் தேதி வரும் வியாழக்கிழமை. அன்று மாலை அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்று நாட்குறிப்பில் குறித்துவைத்திருக்கிறேன்.